சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஹஸ்கெட், வடக்கு டகோட்டா
அக்டோபர் 2, வியாழக்கிழமை

அன்பு மகள் சோல்வேகுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், உன் தம்பி நெல்ஸ் சாப்பிடுகிறான் ஆனால் தூங்குவதில்லை என்று அவன் மனைவி டேனா சொல்கிறாள், அங்கே நியூஸிலாந்தில் நீ உடம்பாலும் மனதாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். முதலில் செய்தி. மைதானத்தில் அடிபட்ட ரீட் சோபோட்கா இன்று காலை ஆறு நாற்பதுக்கு வலது கை விரல்களை அசைத்தான். அசைக்கச் சொல்லிக் கேட்டபோது இரண்டாம் முறையும் அசைத்தான். இதை என்னிடம் தொலைபேசியில் சொன்னவள் அவன் தாய் ஜோலீன். எட்டு நாளாக அவள் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில்தான் இருக்கிறாள். அவள் அனுமதி கொடுத்த பிறகு ஏழே காலுக்குப் பொறுப்பு நர்ஸ் அதையே உறுதி செய்தார். கண் இன்னும் திறக்கவில்லை, மூச்சுக்குழாய் இன்னும் எடுக்கவில்லை. இதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் அது வதந்தி, நம்பாதே.

சனிக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டது ஒரே கேள்வி. நெல்ஸ் உன் மகன், நீ எடுத்த படங்களை எதற்கு ஷெரீப்பிடம் கொடுத்தாய் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஐந்து முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் கோபப்படவில்லை, எனக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் உனக்குக் கிடைத்தது உன் பள்ளித் தோழிகள் எழுதி அனுப்பியது மட்டும், அவர்களில் யாரும் அன்றைக்கு மைதானத்தில் இல்லை. நான் இருந்தேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

பிளம் ஃபோர்க் பள்ளியை மே மாதம் மூடினார்கள் என்பது உனக்குத் தெரியும். பிள்ளைகள் குறைந்துபோய் அந்தப் பள்ளி மாவட்டத்தை நம் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் தினமும் இருபத்திரண்டு மைல் பஸ்ஸில் இங்கே வருகிறார்கள், அவர்களில் பதினேழு பேர் பதினொன்றாம் வகுப்பு. ரீட் அவர்களில் ஒருவன், வயது பதினாறு. ஜோலீனுக்கு நம் பள்ளிச் சமையலறையிலேயே வேலை கிடைத்தது. ஆகஸ்டிலிருந்து சின்னச் சின்னதாகப் பகை புகைந்துகொண்டிருந்தது. பிளம் ஃபோர்க் பிள்ளைகளின் அலமாரிகளில் சாணியை அப்பினார்கள், பஸ்ஸின் பின்கண்ணாடியை உடைத்தார்கள், பதிலுக்கு நம் பையன் ஒருவனுக்குக் கழிப்பறையில் மூக்கு உடைந்தது. பள்ளி முதல்வரைக் கேட்டால், புது மாட்டை மந்தையில் விட்டா நாலு நாள் முட்டத்தான் செய்யும், இதையெல்லாம் பேப்பர்ல போடுவீங்களா என்று சிரித்தார். நான் போடவில்லை. அந்த வாரம் ஊர்ப் பத்திரிகையில் நான் எழுதும் பள்ளிச் செய்திப் பத்தியில் மண் பரிசோதனைக் குழு வட்டாரப் போட்டியில் மூன்றாவதாக வந்ததையும், இசைக்குழுவுக்குப் புது டிரம் வந்ததையும் எழுதினேன்.

பிறகு பழைய மாணவர் வாரம் வந்தது. உன் காலத்தில் இருந்த அதே நிகழ்ச்சிகள்தான். திங்களன்று இரவு உடையில் வகுப்புக்கு வருவது, செவ்வாய் தொப்பி நாள், புதன் கம்ப நாள், வியாழன் மாலை நெருப்பு மூட்டுவது, வெள்ளி ஊர்வலம், பிறகு கால்பந்து ஆட்டம். கம்ப நாளுக்கு எப்போதும்போல் பதினாலடிக் கம்பம் நட்டு, பன்றிக்கொழுப்பைத் தடவி, பன்னிரண்டாம் வகுப்பு சுற்றி நின்று காக்கவேண்டும், பதினொன்றாம் வகுப்பு பாய்ந்து ஏறி உச்சியில் இருக்கும் துணியைப் பறிக்கவேண்டும். கம்பத்தைச் சுற்றி முப்பது கஜத்தில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே பிள்ளைகள், வெளியே பெரியவர்கள், ஹாரன் ஊதும்வரை ஒரு பெரியவரும் கோட்டைத் தாண்டக்கூடாது. துணி கீழே வந்தால் ஊதுவார்கள், இல்லையென்றால் இருபது நிமிடம் முடிந்ததும் ஊதுவார்கள். உன் அப்பா உயிரோடு இருந்தவரை அந்தக் கோட்டை அவர்தான் போட்டார். நீ பன்னிரண்டாம் வகுப்பில் முன்பல்லைப் பறிகொடுத்தது அந்தக் கோட்டுக்குள்ளேதான். வாயெல்லாம் ரத்தத்தோடு நீ சிரித்துக்கொண்டிருந்த படத்தை எடுத்தது நான், முதல் பக்கத்தில் போட்டதும் நான். முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். நேற்று பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன், பதினெட்டு தடவை ஆரோக்கியமான விளையாட்டு என்ற அதே இரண்டு சொல்.

மாணவர் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் ஹாரன் மூன்று வருஷமாக நெல்ஸ் கையில். உச்சியில் கட்டும் துணி எப்போதும் வகுப்பின் வருஷத்தை எழுதிய படுக்கை விரிப்பு. இந்த வருஷம் வேறு துணி. மூடிக் கிடந்த பிளம் ஃபோர்க் பள்ளியின் ஜன்னலை உடைத்து அந்தப் பள்ளியின் கொடியை நம் பிள்ளைகள் எடுத்து வந்திருந்தார்கள். அதன் நடுவில் பன்றிக்கொழுப்பில் கைத்தடம் போட்டுக் கம்பத்தில் ஏற்றினார்கள். ஒன்று இருபதுக்கு அது மேலே போனதை நெல்ஸ் பார்த்தான். நான் பக்கத்தில் நின்றேன். இது வேண்டாம்டா, இறக்கச் சொல்லு என்றேன். பசங்க விளையாட்டும்மா, இப்ப இறக்கச் சொன்னா இந்தப் பக்கம் கலவரம் ஆயிடும் என்றான். நான் அதற்கு மேல் சொல்லவில்லை, கேமராவை எடுத்தேன்.

ஒன்று முப்பதுக்குத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முப்பத்தெட்டு பேர், பதினொன்றாம் வகுப்பு நாற்பத்துநான்கு பேர். முதல் நிமிடத்திலேயே இது விளையாட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. வழக்கமாக நம் பிள்ளைகள் தோளால் இடிப்பார்கள், சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். பிளம் ஃபோர்க் பிள்ளைகள் முஷ்டியை மடக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரிசையிலிருந்து, பஸ் வந்துருச்சு, எல்லாரும் சில்லறை எடுத்து வைங்கடா என்று கத்தினார்கள். பதிலுக்கு ஒருத்தி, எங்க கொடியத் தொட்ட கை எங்கடா, முதல்ல அதக் காட்டு என்று கேட்டுக்கொண்டே ஒருவன் கழுத்தில் முழங்கையை இறக்கினாள். ஐந்தாவது நிமிடத்துக்குள் ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே எனக்குக் கேட்டது, அவள் எழுந்து மறுபடி உள்ளே போனாள். ஒரு பையனின் கட்டைவிரலை இன்னொருவன் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே கடித்தான். பன்றிக்கொழுப்பும் சேறும் ரத்தமும் சேர்ந்து யார் எந்த ஊர் என்றே தெரியாமல் போயிற்று. கோட்டுக்கு வெளியே நாங்கள் ஏறக்குறைய இருநூறு பேர். தீயணைப்புத் தொண்டர்கள், பள்ளி நர்ஸ், ஆசிரியர்கள், பெற்றோர். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் கைதட்டல் நின்றுவிட்டது, ஆனால் யாரும் நகரவில்லை.

இனி நான் எழுதும் நேரமெல்லாம் கேமராவில் பதிந்த நேரம். ஒன்று நாற்பத்தொன்று எட்டாவது விநாடி, இருபத்துநான்காவது படம், ரீட் இரண்டு பேர் தோளில் நிற்கிறான், கொடியின் ஓரம் அவன் கையில் இருக்கிறது. நாற்பத்தொன்று முப்பது, இருபத்தேழாவது படம், அவன் தலைகீழாக விழுகிறான், கொடி வரவில்லை. விழுந்தவன்மேல் ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலின் பக்கத்தில் ட்ரே ஹெக்மன் நின்றான், பன்னிரண்டாம் வகுப்பு, வயது பதினெட்டு, காலில் பண்ணை வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸ். அவன் குனிந்து பார்த்தான், ரீடின் தலை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தான், பிறகு உதைக்க ஆரம்பித்தான். அவசரமே இல்லை. ஒரு உதை, பிறகு காலை ஊன்றிச் சரிசெய்துகொண்டு அடுத்தது. இருபத்தேழிலிருந்து நாற்பத்துமூன்று வரை நான் பதினேழு முறை பொத்தானை அழுத்தினேன். அவற்றில் ஒன்பது படங்களில் ஹெக்மனின் கால் காற்றில் இருக்கிறது.

எனக்கு நேர் எதிரே தீயணைப்புத் தலைவர் நின்றார். முப்பது வருஷத்தில் எரியும் வீட்டுக்குள் நான்கு முறை போன மனிதர். அவர் பூட்ஸ் முனை சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, கோட்டின்மேல் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. பக்கத்தில் பள்ளி நர்ஸ் மருத்துவப் பெட்டியைத் திறந்து கையில் பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு ஹாரனுக்காகக் காத்திருந்தாள். நெல்ஸ் மணிக்கட்டைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், மறுபடி மணிக்கட்டைப் பார்த்தான். அவனுக்கு ஹெக்மனின் கால் தெரிந்ததா என்று ஷெரீப் என்னைக் கேட்டார். அவன் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்கும், அவன் பார்த்தானா என்பது எனக்குத் தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்.

கோட்டைத் தாண்டியது ஜோலீன் மட்டும். அவள் பிளம் ஃபோர்க்காரி, அங்கே கோடும் இல்லை கம்பமும் இல்லை. சமையலறைக் கதவைத் திறந்து கூட்டம் ஏன் அமைதியாகிவிட்டது என்று பார்க்க வந்தவள், ஏப்ரனோடு. குவியலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காலுறையைப் பார்த்தாள். காலையில் அவளே மடித்துக் கொடுத்த பச்சைக் காலுறை. ஓடினாள். கூட்டத்திலிருந்து, கோடு, கோடு என்று கத்தினார்கள் சோல்வேக். ஒரு குழந்தை கீழே கிடக்கிறது, நம் ஊர்ப் பெரியவர்கள் கோடு கோடு என்று கத்தினார்கள். ஏய் பிளம் ஃபோர்க், சுண்ணாம்ப மிதிக்காத, இங்க ஒரு சட்டம் இருக்கு என்று ஒரு பெண் குரல், யாரென்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஜோலீன், அடியில என் பையன், என் பையன் என்றாள். ஒன்று நாற்பத்தைந்து பத்தொன்பது, நாற்பத்துமூன்றாவது படம். நெல்ஸின் இடதுகை ஜோலீனின் ஏப்ரன் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. அவள் உடம்பு முன்னால் வளைந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. அவன் வலதுகையில் ஹாரன், தொடையோரம் தொங்குகிறது. நாற்பத்துநான்காவது படத்தில் அறுந்த கயிறு அவன் கையில் இருக்கிறது, அவள் கோட்டுக்கு உள்ளே இருக்கிறாள். ஜோலீன் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் தலைமுடியைப் பிடித்துப் பிடித்துப் பிள்ளைகளை இழுத்துப் போட்டாள். ஹெக்மனின் பூட்ஸ் ஒரு முறை அவள் முன்கையிலும் பட்டது, எலும்பில் கீறல். ஹாரன் ஊதியது ஒன்று நாற்பத்தைந்து நாற்பத்தொன்றுக்கு. ரீட் விழுந்ததிலிருந்து நான்கு நிமிடம் பதினொரு விநாடி. ஊதியதும் எல்லோரும் எழுந்தார்கள், ஒழுங்காக, வழக்கம்போல, ஹெக்மனும் காலை இறக்கிக்கொண்டான். இருநூறு பேரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டி ஓடினோம்.

ரீடுக்கு வலது காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் விரிசல், மூன்று விலா எலும்பு முறிவு, மண்ணீரல் கிழிந்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். ஹெலிகாப்டர் கால்பந்து மைதானத்தில் இறங்கியது. மூன்று மணிக்குள் பிளம் ஃபோர்க்கிலிருந்து ஒன்பது பிக்கப் வண்டிகள் வந்தன. தானியக் கிடங்கின் எடைமேடையில் ஹெக்மனின் அப்பாவை ரீடின் மாமா டுவேன் பிடித்துக்கொண்டார். சக்கரம் கழற்றும் இரும்பால் முழங்காலில் ஒரு அடி, விழுந்த பிறகு முகத்தில் இரண்டு. அவர் எழுந்து டுவேனின் காதைக் கிழித்தார். எடைமேடை இருவரின் எடையையும் காட்டிக்கொண்டே இருந்தது என்று கிடங்கில் வேலை செய்பவன் என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தவன் சொல்லி முடிக்கவில்லை. அன்று மாலை ஏழு பேர் கைது, பதினொரு கண்ணாடி உடைந்தது, நெல்ஸ் வீட்டு முன்ஜன்னலும் அதில் ஒன்று. ஐந்து வயதுப் பேத்தி சோபாவில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள், கல் அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நெருப்பு, ஊர்வலம், ஆட்டம் மூன்றும் ரத்து. ஹெக்மன் மாவட்டச் சிறையில் இருக்கிறான், கொடுங்காயம் விளைவித்த தாக்குதல் என்று வழக்கு.

மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கேமரா அட்டையை ஷெரீப் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கினேன். அறுபத்தொரு படம். நாற்பத்துமூன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கொடுத்த பிறகு வெள்ளிக்கிழமை நெல்ஸிடம் நானே சொன்னேன். கொடுக்கும் முன்பே சொல்லியிருக்கவேண்டும், அந்த இடத்தில் நான் செய்தது சரியில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் வந்தான். கதவைத் தட்டவில்லை. கேமரா சமையலறை மேடையில் இருந்தது, அதை எடுத்து மேடை விளிம்பில் அடித்தான், மூன்றாவது அடியில் லென்ஸ் தெறித்தது, அதன் சில்லு என் புருவத்தில் பட்டு நான்கு தையல். அவன் என்மேல் கை வைக்கவில்லை, இது உனக்குத் தெளிவாக இருக்கட்டும், வேறு மாதிரி யாராவது சொன்னால் திருத்து. பிறகு உன் அப்பாவின் நாற்காலியை எடுத்துச் சுவரில் அடித்தான், அலமாரிக் கதவைக் குத்தினான், வலதுகையில் இரண்டு விரல் முறிந்தது. நீ எனக்கு அம்மாவா, இல்ல ஷெரீப்புக்கு ஆளா, அவங்க உள்ள போனா மிதிபட்டுருவாங்கன்னுதான் பிடிச்சேன், அது படத்துல தெரியுதா, சொல்லு, தெரியுதா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். படத்தில் கையும் கயிறும்தான் இருக்கின்றன. அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம், அதையும் ஷெரீப்பிடம் சொல்லியிருக்கிறேன். அப்ப ஹாரன் ஏன் ஊதலன்னு கேளு, எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க, நீயும் கேளு என்றான். நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். துணி கீழ வரலம்மா, இருபது நிமிஷமும் ஆகல. அவ்வளவுதான் சொன்னான், சொன்ன பிறகு அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்ததுபோல் நின்றுவிட்டான். என் முகத்தில் ரத்தம் வழிவதை அப்போதுதான் பார்த்தான். பாத்திரம் துடைக்கும் துணியை நனைத்துக் கொடுத்தான், கொடுக்கும்போது விரல் முறிந்தது அவனுக்கே தெரியவில்லை. ஒரே காரில் இருவரும் கிளினிக்குக்குப் போனோம். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு அவன் வரவில்லை. நீ தொலைபேசியில் கேட்டது அன்று மத்தியானம்.

உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அந்த அறுபத்தொரு படத்திலும் இல்லாத ஆள் நான். என் வாக்குமூலத்தில், இங்கா ஹால்வர்சன் என்பவரும் கோட்டுக்கு வெளியே நான்கு நிமிடம் பதினொரு விநாடி நின்றார், தாண்டவில்லை, கத்தவில்லை என்று ஷெரீப்பை எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர், இது எதுக்கு இங்கா, உங்க மேல யாரும் புகார் கொடுக்கலையே என்றார். பையனை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு நான் படம் எடுத்தவள் என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. படத்தை மறைத்தால் அவனையும் என்னையும் சேர்த்தே மறைத்ததாகும்.

பள்ளிச் செய்தி உனக்கு எப்போதும் எழுதுவேன், இந்த முறையும் எழுதுகிறேன். கைப்பந்து ஆட்டங்கள் இரண்டு வாரத்துக்கு வெளியூரில்தான், பார்வையாளர் இல்லாமல். இசைக்குழுவின் பான்கேக் விருந்து பதினோராம் தேதி சனிக்கிழமை, பிளம் ஃபோர்க் தேவாலயத்தில் வைக்கலாம் என்று பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள், பாதிரியார் இன்னும் பதில் சொல்லவில்லை. நாடகக் குழு ஒத்திகை தொடர்கிறது, தோள்பட்டை முறிந்த பெண் கட்டுப்போட்டுக்கொண்டு ராணியாக நடிக்கிறாள், அவளுக்கு வசனம் ஒரு வரிகூடக் குறைக்கவேண்டாமாம். பள்ளி வாரியத்தின் கூட்டக் குறிப்பு நேற்று வந்தது. ஐந்தாவது பொருள் பால் வைக்கும் குளிர்பெட்டி வாங்குவது, ஆறாவது கம்ப நாளை நிரந்தரமாக நிறுத்துவது, ஏழாவது நெல்ஸின் வேலை. கம்பம் இன்னும் அப்படியே நிற்கிறது, சாட்சியப் பொருள் என்று மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். கொடியும் மேலேயே இருக்கிறது. கோட்டின் பாதியை மழை கரைத்துவிட்டது.

இன்று காலை ரீடின் விரலைப் பற்றிச் சொன்ன பிறகு ஜோலீன் வைக்கவில்லை. எனக்கு அன்னிக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல இங்கா, யாரோ பின்னால பிடிச்சு இழுத்தாங்க, அது மட்டும் இன்னும் முதுகுல இருக்கு, படம் இருக்குன்னு டுவேன் சொல்றான், நான் பாக்கணும் என்றாள். படத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். பிறகு, பிடித்தது என் மகன் என்றும் சொன்னேன். அப்ப அவனையும் கூட்டிட்டு வாங்க என்றாள். திட்டுவதற்கா, வேறு எதற்கா என்று நான் கேட்கவில்லை, அவள் குரலிலிருந்தும் எனக்குத் தெரியவில்லை. உடனே நெல்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆசிரியர் சங்கத்தின் வக்கீல், அரசு வழக்கறிஞர் முடிவு சொல்லும் பதினேழாம் தேதிக்கு முன் அந்தக் குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசினாலும் வழக்கு அவன் கழுத்தில் விழும் என்று சொல்லியிருக்கிறாராம். வக்கீல் சொல்வது நியாயம். போ என்றும் நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எப்பம்மா கிளம்புற என்று மட்டும் கேட்டான். சொன்னேன். சரி என்று வைத்துவிட்டான், வருகிறேன் என்ற சரியா, தெரிந்துகொண்டேன் என்ற சரியா என்று டேனாவுக்கும் தெரியவில்லை.

நீ அங்கே கன்று ஈனும் காலத்தில் மாட்டு வைத்தியத்துக்குப் பண்ணை பண்ணையாகக் கார் ஓட்டுகிறாய், தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்து, நனைந்த உடையோடு இருக்காதே. என்மேல் உள்ள கோபத்தை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், உன் தம்பியை மட்டும் கூப்பிட்டுப் பேசு. இடதுகையால்தான் போனை எடுப்பான், தாமதமாகும், வைத்துவிடாதே. நீயும் உன் வீட்டுக்காரரும் குறைவில்லாமல் இருக்கவேண்டும். உன் கைபட்ட உயிரெல்லாம் பிழைக்கட்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாளாவது ஆகும், அதற்குள் இதில் பெரும்பாலானது தெரிந்திருக்கும். திங்கள் ஆறாம் தேதி காலை எட்டு மணிக்கு ரீடின் மூச்சுக்குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். செவ்வாய் ஏழாம் தேதி மாலை ஏழு மணிக்குப் பள்ளி நூலகத்தில் வாரியம் கூடும். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நெல்ஸ்மேல் வழக்குப் போடுவதா இல்லையா என்று அரசு வழக்கறிஞர் அறிவிப்பார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஐந்தாம் தேதி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் கார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். பக்கத்து இருக்கையில் கிடந்த பழைய பேப்பர்களை எல்லாம் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டேன். ஒன்பதே கால் வரை நிற்பேன்.

என்றும் உன் அம்மா,
இங்கா